தாழ்மைக்காகச் சொத்தை எழுதிக் கொடுக்கலாமா?

வாசகரின் கடிதம்

களியக்காவிளைக்கு அருகே விளவங்கோடு வட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை வட்டாரத்தில் தேன் பதனிடும் கூடம் நடத்திவரும் 43 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா பிறருடைய ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர். வீட்டைச் சுற்றி ஏழெட்டுத் தேன்பெட்டிகளும் வைத்திருந்தார். அப்பா நோயில் விழுந்தபோது அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்தார். அந்த வருமானத்தில்தான் தம்பி கல்லூரி முடித்தார். அண்ணன் ரப்பர் ஷீட் விற்ற பணத்தில் வாங்கிக் கொடுத்த பத்துப் பெட்டிகளோடு தொடங்கிய தொழில், இன்று எல்லையின் இரு பக்கத்து எஸ்டேட்டுகளிலும் பெட்டிகள் வைத்து, 14 பேருக்கு வேலை கொடுத்து, பாட்டிலில் அடைத்த தேனை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் நிலைக்கு வந்திருக்கிறது. தொழில்முனைவோருக்கான விருது ஒன்று அவருக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. சபைச் செயலராக நிற்கும்படியும் கேட்கிறார்கள். குடும்பத்தைப் பற்றி, "அப்பா இல்லை. அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அம்மா அண்ணனோடு இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார்.

கடிதம் எழுதத் தூண்டியது சபையின் அறுப்பின் பண்டிகையில் நடந்த ஏலம். காணிக்கையாக வந்த செவ்வாழைக் குலை ஒன்றை முதியவர் ஒருவர் 450 ரூபாய்க்குக் கேட்டு நின்றிருக்கிறார். நம் வாசகர் எடுத்த எடுப்பில் 10,000 என்றார். கூட்டம் கைதட்டியது, முதியவர் கையை இறக்கிக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் மனைவி, "பேரப்பிள்ளைக்கு வேணும்னு அவரு கேட்டு நின்னாரு, உங்களுக்கு அது தெரியல்லியா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அண்ணன், "நீ இப்பம் பெரிய ஆளாயிட்டல்லா மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் நூறு பெட்டிகளுக்கு மேல் தேனீப் புழுக்கள் நோய்கண்டு செத்து, தேனீக் கூட்டங்கள் அழிந்தன. தம் பெருமைக்குக் கர்த்தர் கொடுத்த அடி இது என்று வாசகர் நம்புகிறார்.

ஆகவே அவர் சில முடிவுகளுக்கு வந்திருக்கிறார். விருதையும் செயலர் பதவியையும் மறுப்பது. அப்பாவின் பேரில் கிடக்கும் 60 சென்ட் நிலத்திலும் வீட்டிலும் "என் பாதியை" அண்ணனுக்கு எழுதிக் கொடுப்பது. நெய்யாற்றின்கரை வியாபாரி ஒருவர் தரவேண்டிய பெரிய பாக்கியைக் கேட்காமல் விட்டுவிடுவது. தொழிலை அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது. "இவற்றைச் செய்தால் நான் உண்மையாகவே தாழ்மையுள்ளவனாக முடியுமா?" என்பது அவருடைய கேள்வி.

ஆலோசனை

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த மாதம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், யாரிடமும் எதையும் ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். உங்கள் மனம் குத்துண்டிருக்கிறது. அது நல்லதுதான், மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டதற்கு இத்தனை நாள் உறக்கம் இழக்கிறவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் முடிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்கு அந்த ஏலம்தான் கண்ணில் பட்டது. பாதி நிலம், முழுத் தொழில், பெரிய பாக்கி, ஒரு விருது என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கில் தூக்கிக் கொடுக்கிறீர்கள். அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று அண்ணனைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவர் மகனுக்குத் தேன்தொழிலில் விருப்பம் உண்டா என்பதும் இல்லை. மனைவியின் கருத்தும் இல்லை. வாழைக்குலைக்குப் பின்னால் நின்ற முதியவரைப் பார்க்காமல் 10,000 என்று சொன்னது போலவே, எதிரில் நிற்பவர்களைப் பார்க்காமல் இப்போதும் பெரிய தொகையைச் சொல்கிறீர்கள். கொடுக்கும் கை மாறவில்லை, கொடுக்கும் பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

இது கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று கேட்கிறார். நம்மில் பலர் இதைத் தலைகுனிய வைக்கும் கடிந்துரையாகவே வாசிக்கிறோம். நான் இதை ஒரு கணக்குக் கேள்வியாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். யாரிடமிருந்து, எதை, எப்போது பெற்றீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்கிற கேள்வி அது. உங்கள் பிரச்சினை தன்னை உயர்த்திக்கொண்டதில் மட்டும் இல்லை. உங்கள் வரவுக் கணக்கில் சில பெயர்கள் விடுபட்டிருக்கின்றன. சில பெயர்கள் தவறான பக்கத்தில் ஏறியிருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் சொத்தை எழுதிக் கொடுத்தால், பழைய தவறு பத்திரப்பதிவு அலுவலகத்தில் முத்திரையோடு நிலைத்துவிடும்.

பெட்டிகள் அழிந்தது தண்டனையா?

இந்தப் பயத்தை முதலில் கழற்றி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. தேனீ வளர்ப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தொடங்கி மூன்று தலைமுறையாக வளர்ந்த தொழில் ஓரிரு பருவங்களில் சரிந்தது. அன்று பெட்டிகளை இழந்தவர்களில் பெருமைக்காரர்களும் இருந்திருப்பார்கள், இரண்டு பெட்டித் தேனை விற்றுப் பிள்ளைக்குச் சீருடை வாங்கிய விதவைகளும் இருந்திருப்பார்கள். வைரஸ் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனதைச் சொல்லி, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்கிறார். அழிவைக் கண்டால் மனந்திரும்புங்கள் என்கிறாரே தவிர, அழிவை வைத்து ஆளை அளக்க அவர் இடம் கொடுக்கவில்லை. ஆகவே நோய்கண்ட அடைகளை எடுத்து அழிப்பது, பெட்டிகளைச் சுத்தம் செய்வது, நோய் தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்து பிரித்துப் பெருக்குவது ஆகிய வேலைகளை வேளாண் துறையினரின் ஆலோசனையோடு இப்போதே தொடங்குங்கள். கர்த்தர் அடித்தார் என்று கையைக் கட்டி நின்றால், பக்கத்து எஸ்டேட்டில் பெட்டி வைத்திருப்பவருக்கும் உங்களால் நஷ்டம் வரும்.

இதே விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. கூட்டங்கள் அழிந்தது உங்கள் குற்றத்தால் இல்லையென்றால், நன்றாக விளைந்த ஆண்டுகளின் தேன் முழுவதும் உங்கள் திறமையால் வந்ததும் இல்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் அந்தச் சில வாரங்களில், இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்புநீரை நம்பித்தான் உங்கள் ஆண்டு வருமானமே இருக்கிறது. அந்த நேரத்தில் மழை பெய்தால் போயிற்று. மரத்தை நட்டவர் வேறு, தோட்டத்துக்காரர் வேறு, பெட்டி வைக்க அனுமதித்தவர் வேறு. உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில், நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருந்து ஆடுமாடும் வெள்ளியும் பெருகும்போது, "என் சாமர்த்தியமும் என் கைபெலனும்" இதைச் சம்பாதித்தது என்று சொல்லாதே என்று மோசே எச்சரிக்கிறார். சம்பாதிக்கும் பெலன் பொய் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெலனைக் கொடுத்தவர் உண்டு என்கிறார். உங்கள் உழைப்பை நீங்களே மறுக்க வேண்டியதில்லை.

தாழ்த்தப்பட்டவர்களின் மண்ணில் தாழ்மை

"ஒன்றுமில்லாதவனாக ஆகிவிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் வாழும் இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண். இங்கே நம் முன்னோரில் பலரை ஒன்றுமில்லாதவர்களாக வைத்திருக்கச் சட்டமும் வழக்கமும் கைகோத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. மேல்சேலை உடுத்தியதற்காக நம் பாட்டிமாரின் பாட்டிமார் சந்தையில் அவமானப்பட்டார்கள். 1820களில் தொடங்கிய அந்தப் போராட்டம் 1859-இல் மகாராஜாவின் அறிவிப்பு வரும்வரை ஓயவில்லை. 1806-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்து மயிலாடியில் பணியைத் தொடங்கிய பிறகு எழுந்த பள்ளிக்கூடங்களில்தான் அந்தச் சனங்களின் பிள்ளைகள் முதன்முதலாகத் தலைநிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வரலாற்றில் வந்த ஒருவர், குனிந்து நிற்பதே பரிசுத்தம் என்று நினைத்துவிடக்கூடாது. பிறர் நம்மைக் குனிய வைத்ததற்குச் சுவிசேஷம் எங்கும் ஆசீர்வாதம் சொல்லவில்லை.

யோவான் 13-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்து, மூன்றாம் வசனத்திலிருந்து மெதுவாக வாசியுங்கள். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும் தேவனிடத்திற்குப் போகிறதையும் இயேசு அறிந்திருந்தார் என்பது முதலில் வருகிறது. போஜனத்தை விட்டெழுந்து சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டது அதன் பிறகுதான் வருகிறது. தாம் யார் என்பதைத் தெளிவாக அறிந்தவர் செய்த வேலை அது. கழுவி முடித்தபின், நீங்கள் என்னைப் போதகரென்றும் ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், அது சரியே என்றும் சொல்கிறார். உங்களை நல்ல தொழில்காரர் என்று ஊர் சொன்னால் அது சரியே. "ஐயோ, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நீங்கள் மறுப்பது உண்மைக்கு மாறானது, கேட்பவருக்கும் அது நடிப்பாகவே தெரியும். ரோமர் 12-இல் பவுல் கேட்பதெல்லாம் தன்னைக்குறித்து மிஞ்சி எண்ணாமல் தெளிந்த எண்ணத்தோடு இருப்பது.

அறுபது சென்ட் கணக்கு

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த 60 சென்டில் உங்களுக்குப் பாதி கிடையாது. இதை வழக்கறிஞரான நண்பரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டே எழுதுகிறேன்.

கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற வேறுபாடு இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: அம்மாவுக்கு 20 சென்ட், மீதமுள்ள 40 சென்டை அக்கா, அண்ணன், நீங்கள் ஆகிய மூவரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 13 சென்டும் மூன்றில் ஒரு சென்டும். வீட்டுக்கும் இதே விகிதம். நீங்கள் தாராளமாகக் கொடுக்க நினைத்த 30 சென்டில் பாதிக்கு மேல் அம்மாவுடையதும் அக்காவுடையதும்.

"எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்தால் சரி" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் கொடுத்தது; சீதனம் கொடுத்திருந்தாலோ தருவதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது என்று தீர்ப்பளித்தது. பழைய திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். தீர்ப்பு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், எல்லையின் இரு பக்கத்திலும் ஜெபிக்கிற குடும்பங்களில்கூட அக்காள் தங்கைகளைக் கேட்காமலேயே நிலம் பாகமாகிறது. சபைகளில் இதைப்பற்றிப் பிரசங்கம் கேட்டது மிகக் குறைவு என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்காவுக்குப் போட்ட நகையும் கொடுத்த பணமும் அவருடைய பங்கைத் தீர்த்துவிடாது. அவர் உண்மையாகவே வேண்டாம் என்றால், பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தின் மூலம்தான் விட்டுக்கொடுக்க முடியும். அசையாச் சொத்தில் வாய்வார்த்தை செல்லாது. அவரை விட்டுவிட்டு நீங்கள் "பாதியை" எழுதிக் கொடுத்தால், நாளை அவரோ அவருடைய பிள்ளைகளோ பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். அப்போது நீதிமன்றத்தில் நிற்கப்போவது அண்ணன். தாழ்மைக்காக நீங்கள் செய்த தானம் அண்ணன் தலையில் வழக்காக விழும்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் அக்காவுக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. உங்கள் கல்லூரிக் காலத்தில் வீட்டில் முந்திரி உடைத்தது யார், அப்பாவின் படுக்கையை மாற்றியது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அது அக்காவாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் தவறானாலும் பங்கு மாறாது.

அண்ணனுக்கு நீங்கள் கடன்பட்டிருப்பது

சட்டப்படி பார்த்தால், உங்கள் தொழில் தனி உரிமையாளர் பேரில் இருப்பதாலும் கூட்டு ஒப்பந்தம் ஏதும் இல்லாததாலும், அண்ணன் தொழிலில் பங்கு கேட்க இடமில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆனால் பத்துப் பெட்டிகளின் விலை நன்கொடையா, கடனா, முதலீடா என்று உங்கள் இருவருக்குள் ஒருநாளும் பேசப்படவில்லை. பேசாமல் விட்டதால், அண்ணன் பார்வையில் அது நாளுக்கு நாள் பெரிதாகவும் உங்கள் பார்வையில் நாளுக்கு நாள் சிறிதாகவும் ஆகியிருக்கிறது. இதுதான் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருப்பது என்று எண்ணுகிறேன்.

லூக்கா 19-இல், வரி வசூலித்துப் பணக்காரரான சகேயுவின் வீட்டில் நடந்ததைக் கவனியுங்கள். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றவர், அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அதைத் தனியாகச் சொன்னார். கொடை வேறு, திருப்பிச் செலுத்துவது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணனிடம் கொடையாளியாகப் போகாதீர்கள். நேரில் போய், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "அண்ணா, நீங்க தந்த பத்துப் பெட்டியில இருந்துதான் எல்லாம் வந்தது. அத நான் இதுவரைக்கும் உங்ககிட்ட வாய்திறந்து சொன்னதில்ல. அதுக்கு என்ன செய்யணும்ணு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் பணம் கேட்கலாம். மகனுக்கு வேலை கேட்கலாம். ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போகவும் செய்யலாம். பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். பங்குதாரராக வர அவர் விரும்பினால் இலாப விகிதத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். மகனிடம் முழுத் தொழிலையும் தூக்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம்; விரும்பாத இளைஞன் கையில் 14 குடும்பங்களின் பிழைப்பு போய்ச் சேரும்.

செயலர் பதவியும் விருதும் சாட்சியும்

வெற்றி பெற்றவர்கள் சறுக்கும் இடத்தை 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரம் மிக நுட்பமாகக் காட்டுகிறது. உசியா ராஜா கோபுரங்கள் கட்டினான், துரவுகள் வெட்டினான், வெள்ளாண்மையில் பிரியமாயிருந்தான். இவற்றில் எதையும் வேதம் குறைசொல்லவில்லை. பலப்பட்டபோது அவன் மனம் மேட்டிமையாகி, தூபங்காட்டுவதற்கு ஆலயத்துக்குள் நுழைந்தான். அது ஆசாரியருடைய வேலை. அசரியாவும் அவனோடு 80 ஆசாரியரும் தடுத்தபோது அவனுக்குக் கோபம் வந்தது. தொழிலில் ஜெயித்தவர் சபையிலும் எல்லாவற்றையும் தாமே நடத்தலாம் என்று நினைப்பதும், தடுத்தால் கோபப்படுவதும் நம் சேகரங்களில் காணாத காட்சியா?

இதற்காகப் பதவியை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்கு தெரிந்தவர், ஆள் நடத்தத் தெரிந்தவர் சபைக்குத் தேவை. நிற்பதானால் உங்களுக்கே சில வரம்புகளை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நன்கொடையில் நடக்கும் கட்டட வேலையின் ஒப்பந்தத்தை முடிவுசெய்யும் குழுவில் நீங்கள் இருக்க வேண்டாம். கல்வெட்டில் உங்கள் பெயர் வேண்டாம் என்று முன்கூட்டியே, கூட்டத்தில் அறிவிக்காமல், போதகரிடம் சொல்லிவிடுங்கள். உங்களை மறுத்துப் பேசக்கூடிய ஒருவர் கமிட்டியில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் பேசும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனைவி ஏற்கெனவே நல்ல சாட்சி என்பது நிரூபணமாகியிருக்கிறது.

விருதை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அதைப்பற்றித்தான் ஊர் இன்னும் பல மாதம் பேசும். மேடையில் பேசச் சொன்னால், "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்ற ஒற்றை வரியோடு முடிக்காதீர்கள். லூக்கா 18-இல் ஆலயத்துக்கு வந்த பரிசேயனும் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்கினான். மற்ற மனுஷரைப்போல் இல்லாததற்காக ஸ்தோத்திரம். பொத்தாம்பொதுவான கிருபையில் மனிதர்கள் காணாமல் போகிறார்கள். அண்ணனின் பெயரைச் சொல்லுங்கள், அக்காவின் பெயரைச் சொல்லுங்கள், முதல் பெட்டியை வைக்க இடம் கொடுத்த எஸ்டேட்டுக்காரரைச் சொல்லுங்கள், மழை பெய்யாமல் இருந்த பிப்ரவரியையும் சொல்லுங்கள். கிருபை அவர்கள் வழியாகத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தது.

வேலையாட்கள், பாக்கி, ஊழியம்

கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு "அவசரம் என்று வந்து கேட்டால் இல்லை என்று சொன்னதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனம். ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கூடத்துக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பதிவு சட்டப்படி பொருந்தும். பதிவு செய்திருக்கிறீர்களா என்பதைக் கடிதத்தில் காணவில்லை. பதிவு இருந்தால் பிரசவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் அவர்கள் உங்கள் முன்னால் கைகட்டி நிற்கத் தேவையில்லை. எஜமான்களைப் பார்த்து வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யச் சொல்கிறது கொலோசெயர் நிருபம். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைத் தயவாகக் கொடுத்துக்கொண்டிருப்பது முதலாளிக்கு இனிமையான பழக்கம். விடுவதற்குக் கடினமானதும் அதுதான்.

நெய்யாற்றின்கரை பாக்கியைப் பற்றி: அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று 1 கொரிந்தியர் 6-ஐ மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். உங்கள் சொந்தப் பணத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இந்தப் பணத்திலோ, உங்களுக்குத் தேன் தந்த சிறு வளர்ப்பாளர்களின் பாக்கியும் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே மத்தேயு 18 சொல்லும் முறைப்படி முதலில் தனியாகப் போய்க் கேளுங்கள். தவணை கேட்டால் கொடுங்கள். பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சரக்குக் கொடுத்த பாக்கிக்கு 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. அது முடிவதற்குள் வாங்கும் எழுத்துபூர்வ ஒப்புதல் அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

முழுநேர ஊழியத்துக்கு உங்களுக்கு அழைப்பு இருக்கலாம். நான் அதை மறுக்க யார்? ஆனால் குற்றவுணர்விலிருந்து தப்பிக்கும் வழியாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தன்னிடம் வந்து கேட்ட, வரி வசூலிக்கும் ஆயக்காரரை யோவான்ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாக வாங்காதிருங்கள் என்றார். மேலும், சபையின் மேடை பெருமைக்குப் பாதுகாப்பான இடம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஓராண்டு பொறுத்து, கணக்குகள் தீர்ந்த பிறகு போதகரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், அந்த முதியவரின் வீட்டுக்குப் போவதை முதலில் வைப்பேன். குலையோடு போகாதீர்கள், அது இரண்டாவது ஏலமாகிவிடும். பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று தவறிவிட்டது என்று சொல்லிவிட்டு, அவர் கொடுக்கும் கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வாருங்கள். அதன்பின் அண்ணன். அதன்பின் அக்கா வீடு. அங்கே மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவிடம் அவருக்கு 20 சென்ட் சொந்தம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அதை என்ன செய்வது என்பது அவர் விருப்பம். நால்வரும் ஒத்துவந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, பாகப்பிரிவினைப் பத்திரமாகவே எழுதிப் பதிவுசெய்யலாம். உங்கள் பங்கை அண்ணனுக்குக் கொடுக்கும் ஆசை அப்போதும் இருந்தால், 13 சென்டைத் தாராளமாகக் கொடுங்கள். அக்கா விட்டுக்கொடுப்பதாகச் சொன்னால், அன்றைக்கே தட்டச்சு செய்த விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். அவர் தனியாக வேறொரு வழக்கறிஞரிடம் அதைக் காட்டி, தம் பிள்ளைகளோடும் பேசி, மறுபடி வந்து சொல்லும்வரை கையெழுத்துக் கேட்க வேண்டாம்.